ஓம் என்று சொன்ன வீடுகள்

தேர்தல் என்றால் எனக்குக் கால் வலி. வேறு ஒன்றும் இல்லை. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் குடியேறிய காலத்திலிருந்து ஒரே கட்சிக்காக நோட்டீஸ் போட்டிருக்கிறேன், கதவு தட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, அந்தக் காலோடேயே பின்னேரம் பிளாட் படிகளில் ஏறி இறங்குவேன். எங்கள் தொகுதியில் அந்தக் கட்சிதான் எப்போதும் வெல்லும். வெல்லும் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் பெரிய ஆட்கள் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார்கள். தலைவர்மாரும் டிவிக்காரர்களும் போட்டி கடுமையாக இருக்கிற ஊர்களுக்குப் போவார்கள். எங்களுக்கு ஒரு பெட்டி நோட்டீஸ் வரும், அதுவும் நனைந்து.

கட்சிக்காரர்கள் என்னைப் பிடித்து வைத்திருந்தது என் தமிழுக்காக. தமிழ் வீடு என்று தெரிந்தால் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். அங்கே என்ன நடக்கும்? செருப்பைக் கழற்றவேண்டும். உள்ளே போய் இருக்கவேண்டும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் தேத்தண்ணி வரும், பின்னால் வடை வரும். ஊரில் எந்தப் பக்கம், லண்டனுக்கு வந்து எத்தனை வருசம் என்று எல்லாம் கதைத்து முடித்துக் கடைசியில் நான் வோட்டைப் பற்றிக் கேட்பேன். "ஓம் ஓம் அக்கா, உங்களுக்குத்தான். வேற ஆருக்குப் போடப்போறம்?" என்பார்கள். என்னோடு வரும் வெள்ளைக்காரப் பெண் முகமெல்லாம் சிரிப்பாகப் போனில் 'உறுதி' என்று குறித்துக்கொள்வாள்.

ஒருமுறை அப்படி ஒரு வீட்டில் குடையை மறந்து விட்டுவிட்டேன். அடுத்த நாள் எடுக்கப் போனால், நான் இருந்த அதே சோபாவில் எதிர்க்கட்சிக்காரர் இருந்து வடை சாப்பிடுகிறார். வீட்டுக்காரி கொஞ்சமும் கலங்கவில்லை. "வாங்கோ அக்கா, நீங்களும் இருங்கோ" என்று எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினா. அந்தப் பெண்ணில் எனக்குக் கோபம் வரவில்லை. வாசல் தேடி வந்த ஆளின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அது பொய் இல்லை, மரியாதை. ஆனால் மரியாதையை எண்ணித் தேர்தல் வெல்ல ஏலாது.

போன கவுன்சில் தேர்தலில் எங்கள் 'நிச்சயமான' இடம் நூலிழையில் தப்பியது. கட்சிக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். 'உறுதி' என்று குறித்த வீடுகளெல்லாம் எங்கே போயின என்று என்னைக் கேட்டார்கள். எங்கே போவது? வீட்டில்தான் இருந்தார்கள், டிவி பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றினேன். போடுவீர்களா என்று கேட்பதில்லை. காலமையோ, வேலை முடிந்தோ? நடந்து போவீர்களோ, பஸ்ஸோ? பிள்ளையை யார் பார்ப்பார்கள்? உண்மையாகப் போக நினைத்தவர் பட்டென்று பதில் சொல்லுவார். மற்றவர் "அது பாப்பம் அக்கா" என்று வடைத் தட்டை என் பக்கம் தள்ளுவார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் என் தங்கை.

அவள் கல்யாணம் செய்து போனது அமெரிக்காவின் தெற்கே ஒரு மாநிலத்துக்கு. அங்கே ஜனாதிபதித் தேர்தல் என்றால் ஒரு கட்சிதான். முடிவு முதலே தெரிந்த விஷயம். மாநிலத்தில் யார் முந்துகிறாரோ, முழு மாநிலமும் அவருக்கே கணக்கு. தங்கை மற்றப் பக்கத்து ஆள். குடியுரிமை கிடைத்த புதிதில் ஒருமுறை போய் வோட்டுப் போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். "ஆத்தில கொண்டுபோய்ப் போடுற மாதிரித்தான் அக்கா" என்றாள். நானும் அப்படித்தானே, வெல்லும் பக்கத்தில் நின்றே அலுத்துப்போனவள். இரண்டு பேரும் தேர்தல் நாட்களில் சமையலைப் பற்றித்தான் கதைப்போம்.

இந்த வருடம் சித்திரையில் என் வலது முழங்காலை மாற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒப்பரேஷன் ஒக்டோபர் கடைசியில். என் மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தங்கையிடம் சொன்னேன். "ஓம் அக்கா, நான் வாறன். ஆறு கிழமை, ஒண்டரை மாசம், நிண்டு பாக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றாள். நானும் யோசிக்கவில்லை.

ஆடி மாதம் அவளின் குரலே மாறிவிட்டது. அவர்களின் மாநிலத்தில் இந்த முறை போட்டியாம். யார் வெல்லுவார் என்று ஒருவருக்கும் தெரியாதாம். டிவியைப் போட்டால் விளம்பரம், போனை எடுத்தால் கட்சிக்காரர், இரண்டு வேட்பாளரும் மாறி மாறி வந்து இறங்குகிறார்களாம்.

"அதெப்படியடி திடீரெண்டு?" என்று கேட்டேன்.

"திடீரெண்டு இல்லை அக்கா. நாங்கள்தான் கவனிக்கேல்லை. நான் வேலைக்குப் போற வழியில ஒரே பருத்தித் தோட்டமா இருந்ததெல்லே, இப்ப முழுக்க வீடுகள். வாடகை கட்ட ஏலாமல் வேற மாநிலங்களிலயிருந்து வந்த சனம். எங்கட ஆக்கள், தெலுங்கு ஆக்கள், குஜராத்திகள், எல்லாருக்கும் இப்ப குடியுரிமை கிடைச்சிட்டுது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி இருக்கிறா எல்லே, ஒவ்வொரு முறையும் முற்றத்தில அந்தக் கட்சிப் பலகை நடுறவ? இந்த முறை நடேல்லை. கேட்டன். 'நாங்கள் எங்க போகப்போறம் எண்டு நினைச்சு அவை எங்களை மறந்திட்டினம்' எண்டா."

அந்தக் கிழவியின் பேச்சு எனக்கு நன்றாக விளங்கியது. கட்சிகள் பெரிய பிழை ஒன்றும் விட்டு இப்படி ஆவதில்லை. கேட்காமலே கிடைக்கும் என்று நினைத்துக் கேட்பதை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். தங்கை இப்போது பின்னேரங்களில் கதவு தட்டப் போகிறாள். "அக்கா, என்ர ஒரு வோட்டுக்கு இப்பதான் பெறுமதி வந்திருக்கு" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால். என் கால் பற்றி அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள். "நல்லாப் போகுது. எங்கட ஆக்களின்ர வீடெல்லாம் முடிச்சிட்டன். ஒரு வீடு விடாமல் ஓம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"தேத்தண்ணி தந்தவையோ?"

"தேத்தண்ணியோ! சில வீட்டில சாப்பாடும் கட்டித் தந்தவை."

"அப்ப அரைவாசி கூட வராதுகள்" என்றேன். குடைக் கதையைச் சொன்னேன். சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வாகனம், பிள்ளையை யார் பார்ப்பது. "விவரம் சொன்னால்தான் ஆள் வரும். விவரம் இல்லாட்டி அது வெறும் உபசாரம்" என்றேன்.

"நீங்கள் சரியான ஆள் அக்கா" என்றாள்.

போனை வைக்கப் போகும்போது நான் சும்மாதான் கேட்டேன். "அது சரி, நீ எந்த நாள் வந்து இறங்குறாய்?"

"வருவன்தானே அக்கா."

"எந்த பிளைட்?"

"அது... பாப்பம். இன்னும் நாள் கிடக்குத்தானே. உங்கட கறிவேப்பிலைக் கண்டு எப்படி இருக்கு?"

வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். இவ்வளவு வருடம் வாசல் வாசலாக நின்ற எனக்கு அது தெரியாதா? அன்று முழுக்க எனக்குச் சமைக்கவே மனம் வரவில்லை. இரண்டு துண்டு பாணைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

கோபம் அவளில் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு, "அக்கா சமாளிப்பா". அப்பாவின் செத்தவீடு, அம்மா வருத்தமாகப் படுக்கையில் கிடந்தது, இவளின் கல்யாணம், எல்லாவற்றுக்கும் அக்கா சமாளிப்பா. குடும்பத்தில் நான்தான் அந்த நிச்சயமான தொகுதி. யார் வந்து கதவைத் தட்டப்போகிறார்கள்? நானும் ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லையே.

ஒப்பரேஷனுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி எடுத்தாள். தன்மையான குரல். வீட்டுக்குப் போனதும் உங்களோடு யார் இருப்பார்கள் என்று கேட்டாள். தங்கை என்றேன். நல்லது, எந்த நாள் வருகிறார் என்றாள். வருவாள் என்றேன். எத்தனை நாள் நிற்பார் என்றாள். அது பார்க்கவேண்டும் என்றேன். மறுபக்கம் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. வாசல்களில் எத்தனை தரம் நானே அப்படி நின்றிருக்கிறேன்! ஆள் இல்லாமல் செய்ய முடியாது, இந்தக் கிழமைக்குள் உறுதியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திகதியை வேறொருவருக்குக் கொடுக்கவேண்டி வரும் என்றாள். அடுத்த முறை எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாதாம்.

பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுப் பிள்ளையைக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "கண்டிப்பா வர்றேன் ஆன்ட்டி" என்று அதுவும் சொல்லும், பாவம், ஷிப்டுக்கும் குழந்தைக்கும் நடுவில். போதும். தங்கைக்கு எடுத்தேன். பின்னால் ஒரே இரைச்சல், கட்சி அலுவலகம்.

"அக்கா, ஒரு நிமிசம், பிறகு எடுக்கட்டோ?"

"இல்லை. இப்பவே கேள். எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

"தனிய ஏலாது. நீ வராட்டி என்ர ஒப்பரேஷன் இல்லை. கால் இல்லாமல் நான் வேலைக்குப் போக ஏலாது, கடைக்குப் போக ஏலாது. சமாளிக்க ஏலாதடி. அலுத்துப் போனன்."

இரைச்சல் குறைந்தது. வெளியே வந்திருக்கவேண்டும்.

"இப்பவோ சொல்லுறது? இஞ்ச கடைசிக் கிழமைகள். ஒரு வீடு ரெண்டு வீட்டிலதான் எல்லாம் கிடக்கு." குரலில் கோபம் இருந்தது.

"சித்திரையிலேயே கேட்டனான்."

"கேட்டனியள். ஆனா நீங்கள் ஒருநாளும் ஏலாது எண்டு சொன்னதில்லையே அக்கா."

"இண்டைக்குச் சொல்லுறன்."

பரவாயில்லை என்று சொல்லி அவளைக் காப்பாற்றி விட எனக்கு மனம் வரவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ஹீத்ரோவிலயிருந்து உங்கட வீட்டுக்கு என்னத்தில வாறது? டிராம் வருமோ, டாக்சிதானோ?" கொஞ்சம் விட்டு, "கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கவேணும் எல்லே? ஆர் இறக்குறது?"

நான் அப்படியே படிக்கட்டில் குந்தியிருந்து அழுதேன்.

அவள் மாநிலத்தில் முன்கூட்டியே வோட்டுப் போடலாமாம். தன்னுடையதைப் போட்டுவிட்டு வந்தாள். கட்டிலை இறக்கினாள், நர்ஸோடு கதைத்தாள், நான் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு என்னைத் தாங்கித் தாங்கிக் கக்கூசுக்குக் கூட்டிப்போனாள். இடையிடையே போனில் அங்கே இருப்பவர்களுக்கு, அந்த வீட்டுக்கு இன்னொருக்காப் போங்கோ, பிள்ளையை ஆர் பாப்பினம் எண்டு கேளுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முடிவு வந்தபோது இங்கே விடிந்துவிட்டது. டிவி வரைபடத்தில் அவளின் மாநிலத்துக்குக் கடைசிவரை எந்தக் கட்சியின் நிறமும் கொடுக்கவில்லை. கொடுத்தபோது அது பழைய கட்சியின் நிறம்தான். கொஞ்சத்தால் போய்விட்டது என்றார்கள், அந்த மாநிலத்தில் இவ்வளவு கிட்டத்தில் வந்ததே இல்லையாம். தங்கை கையில் என் மருந்துப் பெட்டியோடு டிவிக்கு முன்னால் நின்றாள்.

"நான் அங்க நிண்டிருந்தா..." என்றாள்.

அவள் தட்டாத கதவுகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆறுதல் சொல்ல என்னால் முடியும். உன்னால் ஒன்றும் ஆகியிருக்காது, வந்ததே போதும், நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது எனக்குக் கைவந்த கலை. வாய் வரை வந்தது.

"கால் நோகுதடி" என்றேன்.

டிவியை நிற்பாட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.