போத்தலுக்குள் வைத்த துண்டு

தொண்ணூற்றெட்டில், கரம்பொன்னில் நாங்கள் மீன்பிடிக்கப் போவதென்றால், கரையிலிருந்த கடற்படைக் காவலரணில் ஐசி என்கிற அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு இலக்கம் எழுதிய மட்டைத் துண்டொன்றை வாங்க வேண்டும். திரும்பி வந்து துண்டைக் கொடுத்தால்தான் அட்டை கிடைக்கும். மற்றவர்கள் துண்டை மடியில் செருகிக்கொள்வார்கள். நனைந்து எழுத்து அழிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். மூடி போட்ட போத்தலுக்குள் வைத்தேன். வலையை ஏற்றி முடித்துப் பார்த்தால் போத்தலைக் காணவில்லை.

மனைவி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மறுநாள் பிள்ளைப்பேற்றுக்கு வயிற்றைக் கீறுவதாக இருந்தது. வருவேன் என்று சொல்லியிருந்தேன். அட்டையில்லாமல், எங்கள் தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியிலிருந்த மண்டைதீவுச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது.

"புதுத் துண்டொண்டு தாங்கோ," என்றேன் சிப்பாயிடம்.

"ஐசி காட்டு, துண்டு தாறது."

"ஐசி உங்களிட்டத்தானே கிடக்கு!"

"துண்டு குடு, ஐசி தாறது."

அவன் மேசையில் பெட்டி திறந்திருந்தது. மேலே கிடந்த அட்டையிலிருந்து என் முகமே என்னைப் பார்த்தது.

கிராம அலுவலரான விதானையாரிடம் ஓடினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் பேர் முரண். தெரியுமோ உமக்கு?"

"எட்டாம் வகுப்போட நிண்டனான் ஐயா."

"துலையக்கூடாதெண்டு போத்தலுக்கை வைச்சுத்தானே துலைச்சனீர்? அதுவும் முரண்தான்."

பெயர் இருக்கிறதென்றால் எனக்கு முன்னரும் யாரோ இப்படி மாட்டியிருக்க வேண்டும். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் தந்த கடிதத்தைக் கொண்டுபோனேன். கடிதத்திலுள்ள ஆள் நான்தான் என்பதற்கு ஐசி காட்டச் சொன்னார்கள். அன்றும் மறுநாளும் காவலரணுக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்தே தேய்ந்தேன். மூன்றாம் நாள் விதானையார் சைக்கிளில் நேரே வந்து, "இந்த முகம்தான் அந்த முகம்," என்று அதிகாரியிடம் கையெழுத்து வைத்துக் கொடுத்த பிறகுதான் அட்டை கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி என்னைக் கண்டதும் அழுதாள். "கடலோட போயிட்டியள் எண்டு நினைச்சன்."

நடந்ததைச் சொன்னேன். "இதுக்கு முரண் எண்டு பேராம்," என்றேன்.

"போத்தலுக்கை வைச்சுத் துலைச்சதுக்கோ? எங்கட வீட்டில அதை மொக்குத்தனம் எண்டுதான் சொல்லுறது. இந்தாங்கோ, மகளைப் பிடியுங்கோ."

வாங்கினேன். பின்னேரத்துக்குள் மண்டைதீவைத் தாண்டித் தீவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதே தலைக்குள் ஓடியது.

"இரண்டு கையாலயும் பிடியுங்கோ அப்பா!" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். மற்றக் கை சட்டைப்பையிலிருந்த அட்டையைப் பொத்திக்கொண்டிருந்தது.