திரைக்குப் பின்னால் சுட்ட உருளைக்கிழங்கு

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஐம்பதுகளின் நடுவில் நானும் ஒரு தகரப்பெட்டியையும் ஒரு கெட்ட வயிற்றையும் தூக்கிக்கொண்டு, கல்முனைக்குடியில் மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியை எல்லாரும் பார்த்தார்கள். வயிற்றை மறைத்துவிட்டேன். வருத்தக்காரனை, ஒரு நோயாளியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊர் கதைத்தால் என் உம்மாவுக்கல்லவா கேவலம்.

மாமி மருமகன் முன்னால் வரமாட்டா. நேரே கதைக்கவும் மாட்டா. அடுப்படி வாசலில் ஒரு சீத்தைத் துணித் திரை. அதற்குப் பின்னால் நின்று, நான் தின்னுவதைக் காதாலேயே பார்த்துக்கொண்டிருப்பா. இறைச்சி, கணவாய், சுறா வறை, எல்லாவற்றிலும் மிளகாய். நான் பாதியை மிச்சம் வைப்பேன். அடுத்த நாள் கறி இன்னும் சிவந்து வரும்.

நெஞ்செரிவு தாங்காமல் ஒரு தந்திரம் பண்ணினேன். பண்டாரவளையில் ஒரு கந்தோரில் கணக்கெழுதிய காலத்தில், நான் தங்கியிருந்த போடிங்கில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் சேர்த்துச் சுட்டு வைப்பார்கள். மிளகாய் கிடையாது. அது துரைமார் தின்னும் சாமான், அதில் எனக்குச் சரியான ஆசை என்று மனைவியிடம் ஒரு புளுகு அடித்துவிட்டேன். மறுநாளே மாமா சந்தைக்குப் போய் உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி எல்லாம் வாங்கி வந்துவிட்டார்.

வினை அதற்குப் பிறகுதான். அதைத் தின்றிருக்கிறேனே தவிர, சுடுவதை நான் கண்டதில்லை. மனைவி திரைக்கும் எனக்கும் இடையில் நடந்து நடந்து கேள்வி கொண்டுவந்தாள். தோல் சீவவா? சீவ வேண்டாம். துண்டு? பெரிசாக, துரைமாருக்குப் பெரிய வாய். தண்ணீர்? ஒரு சொட்டும் ஆகாது. பட்டர், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், அவ்வளவுதான். தேங்காய்ப்பால் விடாமல் இது என்ன கறி என்று உம்மா கேட்கிறா, என்றாள். கறியே இல்லை என்றேன்.

இப்படிச் சுடுகிற போறணை அடுப்பு ஊர் பேக்கரியில்தான் இருந்தது. ஆகையால் மாமி சட்டியை மூடி, அடியிலும் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போட்டா. நானோ பெரிய குசினிக்காரன்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்து, பட்டர் மணத்ததும் இறக்கச் சொன்னேன்.

தட்டு வந்தது. மேலே பொன்னிறம், பார்க்க அழகு. வாயில் வைத்தால் கறுக் என்றது. உள்ளே பச்சை. இதையும் மிச்சம் வைத்தால் மாமியின் மனம் உடைந்துபோகும். நல்லா இரிக்கு, நல்லா இரிக்கு என்று சொல்லிச் சொல்லி, குதிரை கொள்ளுத் தின்பதுபோல் கறுக் கறுக்கென்று கடித்தேன்.

அப்போது திரை கதைத்தது.

"மகன், வெந்த கிழங்கு அப்பிடிச் சத்தம் போடாது. வெச்சிருங்க."

மாமி என்னோடு கதைத்த முதல் கதை அது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மறுபேச்சில்லாமல் தட்டைத் திரைக்குக் கீழால் தள்ளினேன். உள்ளே தணலை விசிறும் சத்தம் கேட்டது. விசிறிக்கொண்டே மாமி கேட்டா:

"பச்சக் கிழங்கயே திண்டு முடிக்கப் பாத்தீங்க. என்ட கறிய மட்டும் ஏன் மிச்சம் வெக்கிறீங்க?"

இனி மறைத்து என்ன? "உறைப்பு, மாமி. வயிறு எரியுது," என்றேன்.

விசிறி நின்றது.

"அல்லாஹ்வே. உறைப்புக் காணாதாக்கும் எண்டெல்லோ நான் நாளுக்கு நாள் கூடப் போட்டன்."

இரண்டாம் முறை தட்டு வந்தபோது கிழங்கு விரல் பட்டதுமே உடைந்தது. கரட்டில் இனிப்பு ஊறியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கேட்க ஒரு கறுக்கும் இல்லாமல் தின்று முடித்தேன். வயிற்றைப் பற்றி மாமி வெளியே மூச்சும் விடவில்லை.

மறுநாள் பகல் மீன், இறைச்சி எல்லாம் தேங்காய்ப்பாலில் வெள்ளை வெளேரென்று வந்தன. மிளகாய் பேருக்கும் இல்லை. மாமா ஒரு வாய் வைத்தார். திரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.