வெள்ளம் பார்க்காத கார்

யோங் பெங் பேருந்து நிலையத்தில் நான் இறங்கும்போதே சேகர் காரோடு காத்திருக்கிறார். விற்பதற்குக் கொண்டுவந்திருக்கும் பத்து வருஷக் கார், அவருடையதுதான். ஜொகூர் பாருவில், தெப்ராவில் வேலைக்குப் போய்வர எனக்கு ஒன்று உடனே வேண்டும். பஸ்ஸில் வந்து காரில் திரும்புவதாகத் திட்டம்.

கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறுகிறது. இவ்வளவு வாசனை எதற்கு? போன மழையில் இந்தப் பக்கமெல்லாம் வெள்ளம்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்கிறேன். முங்கிய கார் என்றால் அங்கேதான் சேறு தங்கியிருக்கும். சேறு இல்லை. ஆனால் பெல்ட் புத்தம் புதுசு. கால்விரிப்பும் புதுசு.

"பெல்ட்ட ஏன் மாத்துனீங்க, அண்ணே?"

"பழசாயிருச்சு லா. சேஃப்டி முக்கியம்தானே?"

"தண்ணி ஏதும் ஏறலையே?"

"அலமாக்! என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? நம்ம வீடு மேட்டுல இருக்கு." டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். "இவர் மேல சத்தியமா, இந்தக் கார் வெள்ளத்தையே பார்த்ததில்ல."

அவர் தொட்டதால்தான் படத்தைக் குனிந்து பார்க்கிறேன். எல்லாவற்றையும் மாற்றியவருக்குச் சாமி படத்தைப் பிய்க்க மட்டும் கை வரவில்லை போலும். பிளாஸ்டிக் உறைக்குள், துடைக்க முடியாத இடத்தில், மயிலின் கழுத்துவரை சேற்றுக் கறை ஏறி நிற்கிறது.

"அண்ணே, ஜொகூர் பாருவுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்கிறேன்.