காதோரத்து நிறம்

மகள் பிறந்த மறுநாள் பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனிலிருந்து அக்கா ரயிலேறி வந்தாள். 2013 முடிகிற நேரம், சுவிஸில் நாங்கள் இருக்கிற லுசேர்ண் முழுக்கப் பனி. பிள்ளை பெற்றவளுக்கென்று கொண்டுவந்த சரக்குக்கறிப் பெட்டியை மேசையில் வைத்தாள், கையைக் கழுவினாள், பிள்ளையைத் தூக்கி "என்ர குஞ்சு" என்று கொஞ்சினாள். பிறகு தொப்பியை மேலே தள்ளி, காதை மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஐயோ தம்பி, காதோரம் கறுப்பாக் கிடக்கடா. தாயின்ர தேப்பன்ர நிறம்தான் வரப்போகுது."

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. பிறந்த பிள்ளை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், காதோரம் என்ன நிறமோ அதுதான் வளர்ந்தபின் நிறம் என்பார்கள். என் மனைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் விரல் எதைத் தேடுகிறது என்று உடனே விளங்கிவிட்டது. பிள்ளையை வாங்கிக்கொண்டு, "உன் அக்காவைப் போகச் சொல்" என்றாள் ஜெர்மனில். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவியின் தகப்பன் கானாவிலிருந்து பேர்ணுக்குப் படிக்க வந்தவர். தாய் சூரிச்சில் ஒரு யூதக் குடும்பம். ஜெபக்கூட வாசலில் காவலுக்கு நிற்பவர், தாயை விட்டுவிட்டு இவளை மட்டும் மறித்து யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்பாராம். தகப்பன் வீட்டு விசேஷங்களிலோ இவள் வெள்ளைக்காரி. எங்கள் கல்யாணத்தில் எம்மன்புரூக்கேயில் இருக்கிற எங்கள் ஆள், அண்ணை ஒருவர், "யூதப் பெட்டை எண்டியள், இது கறுவலெல்லோ?" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஏன் அண்ணை, உங்கட வீட்டில கண்ணாடி இல்லையோ?" என்றேன். மனுசன் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்!

அக்கா போன அன்று பின்னேரம்தான் மனைவி தன் தாயின் தாயைப் பற்றிச் சொன்னாள். அந்த மனுசி ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லரின் காலத்தில், போருக்கு முன், யூதர்களின் அடையாள அட்டைப் படத்தில் இடது காது தெரியவேண்டும் என்று சட்டம். சிறுமியாக இருந்தவரின் தலைமயிரை ஒதுக்கிப் பிடித்துத்தான் படம் எடுத்தார்களாம். தப்பி சுவிஸ் வந்த பிறகு, சாகும்வரை காதை மூடித்தான் தலை வாரினாராம்.

அப்படிப்பட்டவர், மகள் ஒரு ஆபிரிக்கரைக் கட்டியபோது கல்யாணத்துக்குப் போகவில்லை. பேத்தி, அதாவது என் மனைவி, பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். மனம் இளகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். தொப்பியைத் தூக்கிக் காதைப் பார்த்தாராம். பிள்ளையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

"என் மகளின் காதைப் பார்க்கிற வீட்டுக்கு அவளைக் கொண்டு வரமாட்டேன். நீ தனியாகப் போ" என்றாள் மனைவி.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பது அக்கா வீட்டில் என்று பேச்சு. அம்மா செத்தபின் என்னை வளர்த்தவள் அக்காதான். அவள் இல்லாத ஒரு விசேஷத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை. அதற்காக மனைவியிடம் வாயைத் திறக்கவும் எனக்கு முகமில்லை.

அடுத்த ஞாயிறு ஓஸ்டர்முண்டிகன் போய் அக்காவோடு சண்டை பிடித்தேன். கத்திக் கத்தித்தான் அந்த அடையாளப் படத்தின் கதையையும் சொன்னேன். அக்கா அரிசி களைந்த கையைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுக்காமல் நின்றாள்.

"நான் பிறந்தண்டு என்ர காதைப் பார்த்திட்டு அம்மா அழுதவவாம்" என்றாள். "வந்த சம்பந்தமெல்லாம் நிறத்தாலதானே குழம்பினது. இந்தக் குஞ்சுக்கும் அப்பிடி வந்திடுமோ எண்டு பயந்திட்டனடா. அதுதான் பார்த்தனான்."

"பயத்தில பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதானே அக்கா."

"ஓம்" என்றாள்.

வரும்போது ரயிலில் அழுதேன். யாருக்காக என்று கேட்டால், அக்கா, மனைவி, மகள் மூன்று பேருக்காகவும்தான்.

அக்கா சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். முப்பத்தோராம் நாள் காலை, அவளே பிள்ளைக்கு உடுப்புப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

அக்கா வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. மனைவி அவளைக் கனநேரம் பார்த்தாள். பிறகு தானாகவே பிள்ளையைக் கொடுத்தாள். ஆனால் தொப்பிக்கு மேலால், காதைப் பொத்தியிருந்த தன் கையை மட்டும் எடுக்கவில்லை. முத்தமிட்டுக் கொஞ்சுவதற்குக் குனிந்த அக்கா, அந்தக் கையின் மேல்தான் கொஞ்சினாள்.