மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும்

அந்த இன்டர்நெட் கம்பெனியில் அவளை அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டில்லை. வாடிக்கையாளர் போனை எடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருமுறை இரண்டு ஊழியர்கள் "சர்வர்" என்று ஒரே சொல்லைச் சொல்லி, ஆளுக்கொரு பெட்டியை நினைத்துக்கொண்டு, ஒரு மருந்துக் கம்பெனியை இரண்டு நாள் முடக்கிப் போட்டார்கள். மூன்றாம் நாள் அவள் பேனாவை எடுத்தாள். ஆறு வருஷத்தில் அறுபது பக்கப் புத்தகம் ஆனது. சர்வர் அறைச் சாவியும் அவள் கைக்கு வந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். வளவளவென்று ஒரு வார்த்தை கூடினாலும் அடித்துவிடுவாள்.

கம்பம் ஏறி வயர் இழுப்பவனை ஏணி என்பார்கள். அவனுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மூன்று பிள்ளைக்கு அப்பன், வாய் மட்டும் முழ நீளம்.

"எல்லாம் பெட்டிதானேக்கா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"மேல இருக்கிறதுக்கு 'பேர் சர்வர்'னு பேரு. நம்மகிட்ட பதிஞ்ச இணையப் பேரு எந்த மெஷின்ல இருக்குன்னு முகவரி சொல்றது. ஊர் உலகமெல்லாம் அதைத்தான் கேக்கும். கீழ இருக்கிறது, நமக்காக வெளிய கேட்டு வந்து சொல்றது. இந்த ஆபீசுக்கு மட்டும்."

"முதலாளியும் எடுபிடியும்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"இப்படிப் பேசித்தான் மருந்துக்காரன் தலையில துண்டைப் போட்டீங்க."

அந்த மாதம் ஊரிலிருந்த ஆலையில் பாய்லர் வெடித்தது. ஒன்பது பேர் செத்தார்கள் என்றார் ஆலை முதலாளி. தொழிலாளர் சங்கம் தன் இணையப் பக்கத்தில் செத்த இருபத்து மூன்று பேரைப் போட்டோவோடு போட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு அதைத் திறந்து பார்ப்பதாக விசாரணை அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். அதுவரை அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கத்தை வைத்திருந்த மெஷின் கடல் தாண்டி இருந்தது, முதலாளியின் கை எட்டாது. ஆனால் அதன் பேருக்கு முகவரி சொன்னது அகராதியின் மேல்பெட்டி.

அன்றே மதியம் மூன்று மணிக்கு ஆலை முதலாளியின் ஆட்கள் நாலு பேர் அடித்தளத்திலிருந்த ஆபீசுக்குள் இறங்கினார்கள். பேச வரவில்லை. வந்த வேகத்தில் ஏணியின் முகத்தை மேஜை விளிம்பில் மோதினார்கள். இரண்டு பல் தரையில் தெறித்தது. தலைவன் மூக்குக்கண்ணாடி போட்டவன். கையில் இரும்புக் கம்பி.

"சங்கத்தோட பேரு இப்பவே போகணும்மா."

"அதுக்கு எழுத்துல உத்தரவு வேணும்" என்றாள்.

கம்பி ஏணியின் இடது முட்டியில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது எல்லோர் காதிலும் விழுந்தது.

"அக்கா, செஞ்சு விட்ருங்கக்கா."

அகராதி உட்கார்ந்தாள். கீழ்ப்பெட்டியில் இரண்டு வரி அடித்தாள்: இந்தப் பேரைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று சொல். மேல்பெட்டியைத் தொடவில்லை. ஆபீசுக்குள் மட்டும் பேர் செத்தது.

"இங்க சிக்னல் வராது. எங்க வைஃபைல பாருங்க."

கண்ணாடிக்காரன் பார்த்தான். மற்றதெல்லாம் திறந்தது, அது மட்டும் திறக்கவில்லை. ஆபீஸ் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டான்.

"எனக்குத் திறக்குதேடா, முட்டாள்."

கம்பி ஏணியின் வலது முட்டிக்கு மேல் ஓங்கியது. அகராதி புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். கண்ணாடிக்காரன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "கேஷ். கேட்டு வாங்கிய பதிலை, குறித்த காலம் வரை கையில் வைத்திருப்பது."

"அவர் வீட்டுல பழைய பதில் இருக்கு. நாளைக்கு மதியம் போயிடும். புதுசா கேக்கிறவங்களுக்கு இப்பவே திறக்காது."

"குறித்த காலம்னா?"

"ஒரு நாள்."

அவள் குறித்து வைத்திருந்தது ஐந்து நிமிஷம்; நிஜமாக எடுத்திருந்தால் அதற்குள் முதலாளி வீட்டிலும் போயிருக்கும். ஒரு பொருளையும் வளைக்காதவள் அன்றைக்கு வளைத்தாள்.

அவன் ஏணியின் முடியைப் பிடித்துத் தூக்கினான். "இவ சொல்றது நெசமாடா?"

அவள் எந்தப் பெட்டியில் அடித்தாள் என்பதை ஏணி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ரத்தத்தைத் துப்பினான். "எனக்கென்ன சார் தெரியும். எனக்கு எல்லாம் பெட்டிதான்."

"எதும்மா அந்தப் பேரைச் சொல்லிட்டிருந்தது?"

"கீழ இருக்கிறது."

கீழ்ப்பெட்டியைத் தகரமாக நசுக்கிவிட்டு, போகிற போக்கில் ஏணியின் விலாவில் ஆளுக்கொரு உதை விட்டுப் போனார்கள். மேல்பெட்டி பச்சை விளக்கோடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி திறந்தார். இருபத்து மூன்று பேரையும் அச்செடுத்துக் கோப்பில் கட்டினார்.

விஷயம் தெரிந்து பதினொன்றரைக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருத்தன் அவள் வலது கையை மேஜையில் அழுத்திப் பிடித்தான். "குறித்த காலம், குறித்த காலம்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணாடிக்காரன் கம்பியால் அடித்தான். நாலு விரல் போனது. மேல்பெட்டியையும் உடைத்தார்கள். உடைத்து என்ன, கோப்பு அதற்குள் கட்டியாயிற்று.

ஆஸ்பத்திரியில் ஏணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டு அவள் கட்டிலுக்கு வந்தான். மடியில் புத்தகம்.

"அக்கா, காலத்தை யார் குறிக்கிறதுன்னு இதுல போடலையே."

"போடு. பேர் சர்வரை நடத்துறவங்க."

பல் போன வாயால் முனகிக்கொண்டே, எழுத்து எறும்பாக ஊர, எழுதினான். "அஞ்சு நிமிஷம்னும் போட்டுடவா?"

"அது வேணாம். அவனுங்க படிக்கிறானுங்க."