கண்ணாடிக்கு வைத்த பொட்டு

என் தங்கச்சி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில், பள்ளிப் பிள்ளைகளே தங்கள் கையால் தொலைநோக்கி செய்கிற முகாம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் நடத்தினார்கள். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. சேரன்மகாதேவியில் பஸ்ஸேறி, டவுனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். பன்னிரண்டாவதில் இயற்பியலில் கோட்டைவிட்டு, அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்காரவும் பொறுமையில்லாமல், வீட்டுக்கும் ஆற்றுக்குமாக அலைந்துகொண்டிருந்த நான் துணைக்குப் போனேன்.

அவளுக்குப் பாளையங்கோட்டையில் சயின்ஸ் குரூப் சேர வேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் காமர்ஸ்தான் உண்டு. பிள்ளை அதைப் படித்தால் கடைக்கும் ஆகும் என்பது அப்பாவின் எண்ணம். அழுது, சாப்பிடாமல் கிடந்து, அவள் அப்பாவிடம் வாங்கியது ஒரே ஒரு வாக்குதான். முகாமின் கடைசி நாள் பெற்றோரும் வரலாம். “அன்னைக்கு வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார்.

முகாமில் பெரிய வேலை, கண்ணாடி தேய்ப்பதுதான். சின்னத் தட்டு அகலத்தில் இரண்டு கனத்த கண்ணாடி வில்லைகள். ஒன்றை ஓர் இரும்பு டிரம்மின் மேல் வைத்து, அதில் கருப்புப் பொடியையும் தண்ணீரையும் போட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்கவும் வேண்டும். தேயத் தேய மேல் கண்ணாடி குழிந்துகொண்டு வரும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

“என்னட்டி, மாவாட்டுதியா? இட்லி எப்பம் கிடைக்கும்?”

“நீ வந்து ஆட்டு. அப்பமாவது வாய் ஓயுதான்னு பாப்போம்.”

வகுப்பு நடத்திய பேராசிரியை கடற்கரைப் பக்கத்துக்காரர். நான் வாசலுக்கும் சன்னலுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்தக் கால் சும்மாவே இருக்காதோ? இங்கன வந்து டிரம்மைச் சுத்து” என்றார். அன்றிலிருந்து தங்கச்சிக்குக் கை வலித்தால் நான் சுற்றினேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. தேய்த்து மெருகேற்றிய கண்ணாடியை வெளியூருக்கு அனுப்பி, முகத்தில் அலுமினியப் பூச்சு போட்டு வாங்கினார்கள். திரும்பி வந்தபோது அதில் என் மூக்கு பூசணிக்காய் அளவு தெரிந்தது. அந்தப் பூச்சை விரலால்கூடத் தொடக்கூடாது, துடைத்தால் கீறிவிடும் என்று பேராசிரியை எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தார்.

கடைசி நாள் சாயங்காலம். குழாய் தயார், அதைத் தாங்கும் மரக்கால் தயார். கண்ணாடி மட்டும் மேசைமேல் இருந்தது. தங்கச்சி திருப்புளி எடுக்க உள்ளே போயிருந்தாள். அப்பா வெள்ளை வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக வந்தார். எங்கள் கடைக்குப் புதுத் தராசு வந்தாலும் சரி, சீனிச் சாக்கைத் தூக்கும் கொக்கி வந்தாலும் சரி, பொட்டு வைக்காமல் அப்பா வேலைக்கு எடுக்க மாட்டார். பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தராசுத் தட்டுக்கு வைக்கிற மாதிரி, கண்ணாடிக்குச் சரியாக நட்டநடுவில் நாலணா அகலத்துக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். பிறகு திருநீற்றில் மூன்று விரலைத் தொட்டுக்கொண்டு பட்டை போடக் கையைக் கொண்டுபோனார்.

“எப்பா!”

திருப்புளியோடு வந்த தங்கச்சி போட்ட சத்தத்தில் அறையே திரும்பியது. நான் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனேன். பேராசிரியை ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லதுக்குத்தானம்மா வச்சேன்” என்றார் அப்பா. முகம் கறுத்துவிட்டது. “சாமி பேரச் சொல்லி ஒரு பொட்டு வைக்க விடாத படிப்பு என்ன படிப்பு? ஏலே, கிளம்பு. பஸ்ஸு போயிரும்.”

தங்கச்சி திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டாள். வழக்கமாக இந்த நேரத்தில் எனக்கு ஒரு நக்கல் வாயில் வந்து நிற்கும்; அன்றைக்கு ஒன்றையும் காணோம். வாசலை மறித்துக்கொண்டு, “எப்பா, நிலா வந்துட்டு. ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்” என்றேன்.

பேராசிரியை குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். “அண்ணாச்சி, பொட்டு இருந்துட்டுப் போட்டும். ஒண்ணும் கெட்டுப்போவாது. மாட்டும்மா.”

தங்கச்சி நம்பவில்லை. ஆனாலும் கண்ணாடியைக் குழாயின் அடியில் மாட்டினாள். வெளியே மைதானத்தில் பாதி நிலா உயரத்தில் நின்றது. பொட்டோடு நிலாவைப் பிடித்துக் காட்டிவிட்டு ஒதுங்கினாள். அப்பா முதலில் தப்பான கண்ணை மூடினார். பிறகு சரியாகப் பார்த்தார். கண்ணை எடுக்கவேயில்லை. நான் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

“நான் வச்ச பொட்டு எங்கட்டி? நிலாவுல காணலியே.”

“குழாய் வாய்கிட்ட ஒரு சின்னக் கண்ணாடி குறுக்க நிக்கில்லாப்பா, அது எப்படியும் நடுவ மறைக்கும். உங்க பொட்டு அந்த நிழலுக்குள்ள உக்காந்திருக்கு.”

அப்பா கடைக்காரர். யாரும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு பழக்கமில்லை. “அப்பம் நிலாவுக்கு நடுவுல ஓட்டையால்லா தெரியணும்? முழுசாத் தெரியுதே, அது எப்படி?”

தங்கச்சி பேராசிரியையைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் போய் அவரை உலுக்கலாம் போல இருந்தது. தங்கச்சி குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அதன் வாயில் பாதியை உள்ளங்கையால் மூடினாள்.

“இப்பம் பாருங்க. நிலாவுல பாதி போச்சா?”

“போவலியே. கொஞ்சம் மங்கலா இருக்கு, அவ்வளவுதான்.”

“கண்ணாடியில ஒவ்வொரு இடமும் முழு நிலாவையும் கொண்டுவருதுப்பா. பாதிய மூடினா வெளிச்சந்தான் குறையும். நிலா குறையாது.”

அப்பா அவள் கையை விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர், “அண்ணாச்சி, நாங்களும் பாக்கணும்லா” என்றதும்தான் நகர்ந்தார்.

நகர்ந்தவர் வாசலுக்குப் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

“எப்பா, பஸ்ஸு?”

“போட்டும்லே. அடுத்தது வரும்லா. சும்மா பறக்காத.”

தனக்கு முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தார். “உங்க பிள்ளை பாளையங்கோட்டையிலயா படிக்கி? அங்கன பொம்பளைப் பிள்ளையளுக்கு சயின்ஸ் குரூப்பு இருக்கா? எப்பம் வந்து கேக்கணும்?”

தங்கச்சி தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டது. குழாயில் கண்ணை வைத்திருந்த அம்மாள், “ஏளா, நிலா ஆடுது, ஒழுங்காப் பிடி” என்று சத்தம் போட்டாள்.