தனகோடி நிரப்பிய கட்டங்கள்

வியாழக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. தனகோடியின் கணவர். "சார், நாளிக்கி அவ பெட்ட வேற யாருக்குனா குடுக்கச் சொல்லிடுங்க. காலைல பூட்டா" என்றார். குரலில் அழுகை இல்லை. எனக்குத்தான் தட்டில் கை வைக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் செவ்வாயும் வெள்ளியும் எங்களோடு டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்குத் தனகோடியைத் தெரியும். ஜன்னலோரப் படுக்கை, இடது கையில் ஊசிகள், வலது கையில் பென்சில். எங்கள் குறுக்கெழுத்துக் குழுவினர் அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் தட்டச்சராக வேலை பார்த்தவன். வேகம்தான் என் பெருமை. செய்தித்தாளில் வரும் குறுக்கெழுத்தை ஏழெட்டு நிமிடத்தில் முடித்து, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாகப் போட்டுவிடுவேன். நான் அவருக்குப் பக்கத்துப் படுக்கைக்கு வந்த புதிதில் ஒருநாள், நான் முடித்த தாளைத் தனகோடி கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இன்னா சார், சோத்தையெல்லாம் நீங்களே துண்ணுட்டு எலைய எங்கிட்ட நீட்டறீங்க?" என்றார். வெள்ளிமலையில் பிறந்து, சின்னசேலம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மரவள்ளிக் காடுகளில் களையெடுத்த பெண். ஒன்பதாவது வரை படிப்பு. அவர் குறுக்கெழுத்துப் போடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன். அடுத்த முறையிலிருந்து இரண்டு ஜெராக்ஸ் எடுத்துப் போனேன்.

எனக்கு ஏழு நிமிடம் வருவது அவருக்கு நாலு மணி நேரம் வரும். பொருந்தாது என்று தெரிந்த சொல்லையும் எழுதிப் பார்ப்பார். நான் ரப்பரை நீட்டினால், "தப்பு வார்த்தையும் வார்த்தைதான சார். கொஞ்ச நேரம் குந்திட்டுப் போவட்டும்" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் விடையைச் சொல்லிவிட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்கு முடிக்கணும். எனக்கு இது முடிஞ்சிட்டா அப்பால இன்னா இருக்குது? ரத்தம் போற டியூப்பப் பாத்துக்கினு படுத்திருக்கணும்."

அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. போன வருடம் எங்கள் குழு ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தது. அணிக்கு இரண்டு பேர், அரை மணி நேரம். சொற்கள் விஷயத்தில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். அவரைச் சேர்த்துக்கொண்டால் ஜெயித்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். வர மனமில்லாதவரை வற்புறுத்தி வரவழைத்தேன். வீங்கிய காலோடு மாடிப்படி ஏறி வந்தார். நான் படபடவென்று நிரப்பிக்கொண்டு போக, அவர் ஒரு குறிப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். நேரம் முடியப் போவதாக மணி அடித்ததும் அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினேன். இரண்டு கட்டங்கள் காலியாக நிற்கத் தோற்றோம். "உங்கள சேத்துக்கினு வந்தது என் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அவர் பஸ் ஏறிப் போனார். அந்தச் செவ்வாயும் வெள்ளியும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி படுத்திருந்தார். அடுத்த வாரம் அவரே தாளுக்குக் கை நீட்டினார். "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"கோவமில்ல சார். அந்த மணி அடிச்சதும் எனக்கு ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியல. பயமாப் பூட்ச்சு. இந்த மெஷினு மணி அடிக்கிறதே எனக்குப் போதும்" என்றார்.

இந்த வருடம் அவர் கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. பென்சில் பிடிக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நான் குறிப்பை வாசிப்பேன், அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை ஒரு குறிப்பு: 'ஐப்பசியில் விடாமல் பெய்வது, நான்கு எழுத்து.' கடைசி எழுத்து 'ழை' என்று ஏற்கெனவே விழுந்திருந்தது.

"கனமழை" என்றார். உடனே இல்லையென்று தலையாட்டினார். "இல்ல, அது ஊத்திட்டு நின்னுடும். பெருமழை... அதுவும் இல்ல." சின்ன வயதில் மலையில் ஒரு வாரம் விடாமல் பெய்ததையும், கீழேயிருந்து ஜீப் ஏற முடியாமல் போனதையும், வீட்டுக்குள்ளேயே சாமைக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்ததையும் சொன்னார். நாள் முழுக்க அளந்து தண்ணீர் குடிக்கும் நாங்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மலையில் பிறந்தவருக்கு அவ்வளவு எளிய சொல் வரவில்லை. விடை என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொண்டார்.

"சொல்லிடாதீங்க சார். நாக்கு நுனியிலதான் இருக்குது. வெள்ளிக்கெழம நானே சொல்றேன்."

வியாழனன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். ஏழுமலை என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். "ரெண்டு நாளா மழ மழன்னு மொணகிக்கினே இருந்தா. இன்னா வார்த்த சார் அது?"

"அடைமழை" என்றேன்.

"இதானா? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேக்க மாட்டா சார். நானு எதுனா சொல்ல வந்தாலே என் வாயப் பொத்திடுவா." அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஜன்னலோரப் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். நான் அன்றைய குறுக்கெழுத்தை ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். கை அப்படிப் பழகிவிட்டது. தனகோடியால் நான் மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, விடை தெரிந்திருந்தும் அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் அவரோடு காத்திருந்தேன். அவரிடம் நான் ஒழுங்காக நடந்துகொண்ட நேரம் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.